எதிர்ப்பக்கம் மடித்த இலை

எங்கள் மடத்தில் தினமும் மத்தியானம் இருநூறு பேர் சாப்பிடுவார்கள். மலைக்கு நடந்து போகிறவர்கள், இறங்கி வருகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள். நான் அங்கே காய் நறுக்குகிறவள். பதினோரு வருஷமாக அரிவாள்மனையே கதி. கைக்குத்தான் வேலை, கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேலையும் கிடையாது. அதனால் நடந்தது முழுசும் எனக்குத் தெரியும்.

மடத்தின் தலைவி பூங்கோதை அம்மையார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சமையல்காரர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. ஆனாலும் குரு அம்மையார், சிஷ்யர் இவர். தணிகாசலம் அவரை "அம்மா" என்பார். அம்மையார் இவரை "ஐயா" என்பார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு யார் குரு என்று பிடிபடாது.

தணிகாசலத்தின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அவர் ரசம் கொதிக்கும்போது, மடத்தைத் தாண்டிப் போனவன் திரும்பி வருவான். வந்திருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மனசு இருக்கிறதே, அதுதான் தொட்டால் சுருங்கி. பந்தியில் ஒருவர் தண்ணீர் கேட்டால் போதும். "காரம் தூக்கலா இருக்கு, அதானே?" என்று முகம் சுண்டிப்போகும். ஊறுகாய் கேட்டால், "கூட்டு சப்புன்னு இருக்கு போல." யாராவது இருமிவிட்டால் அன்றைக்கு அவர் பட்டினி. ஒரு கைக்குழந்தை சோற்றைத் துப்பியது என்று மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அட, அந்தக் குழந்தைக்குப் பல்லே முளைக்கவில்லை!

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை.

அம்மையார் இதற்கு நேர் எதிர். நான் மடத்துக்கு வந்த வருஷம், ஒரு ஆள் பந்திக்கு முந்தியே வந்து சத்தம் போட்டான். "சோறு போட வக்கில்லாத உனக்கெல்லாம் எதுக்கு ஒரு மடம்?" என்று கேட்டான். எனக்கு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று இருந்தது. அம்மையார் அவன் முகத்தைப் பார்த்தார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்றார். உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "அரை மணி ஆகும். அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க." அவ்வளவுதான். அந்த ஆள் இன்றைக்கும் வருஷா வருஷம் ஒரு வண்டி பூசணிக்காய் அனுப்புகிறான். நான்தான் நறுக்குகிறேன்.

"எப்படிம்மா உங்களுக்கு உறைக்கவே இல்லை?" என்று கேட்டேன்.

"அவர் தன் பசியைத்தானே திட்டினார்" என்றார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

தை மாசம் ஒருநாள் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. தணிகாசலத்தின் ஒரே மகள் செண்பகம் அனுப்பியிருந்தாள். அவள் பெண்ணுக்குக் காதுகுத்து. இன்னும் ஐந்து நாள் இருந்தது.

தணிகாசலம் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பருப்பைக் கடைந்தார். பருப்பு என்ன பாவம் செய்தது, அப்படிக் கடைந்தார். அம்மையார் வந்து நின்றார்.

"என்ன ஐயா விசேஷம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"பத்திரிகை வந்துச்சே."

எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தது. அம்மையார் சத்தமாகவே படித்தார்.

"அப்பா, எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. என் பொண்ணுக்கு உட்கார மாமன் மடி இல்ல. உங்க மடியிலதான் உட்கார வெக்கணும்னு சொல்லிட்டேன். நீங்க வரலைன்னா அவங்க சொந்தத்துல யாரையாவது உட்கார வெச்சுடுவாங்க. அதுக்கு அப்புறம் உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வராதுப்பா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"எப்போ கிளம்புறீங்க?" என்றார் அம்மையார்.

"போகலம்மா."

"ஏன்?"

தணிகாசலம் மத்தைக் கீழே வைத்தார். நாலு வருஷமாக நாங்கள் யாரும் கேட்காத கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

பெண்டாட்டி செத்த பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்திருக்கிறார். முப்பது வருஷம் ஊரார் கல்யாணத்துக்குச் சமைத்த மனுஷன், மகள் மறுவீட்டு விருந்துக்கு வேறு யாரையும் அடுப்பாங்கரைக்குள் விடவில்லை. பதினெட்டு வகை, எல்லாம் தன் கையால். இரண்டு பக்கத்துச் சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பாக்கியநாதன் சாப்பிட்டு முடித்தார். இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்து போனார்.

"எதிர்ப்பக்கம்மா!" என்றார் தணிகாசலம். "விருந்து வீட்டுல இலையை நம்ம பக்கமா மடிப்போம். உறவு திரும்பத் திரும்ப வரணும்னு. எதிர்ப்பக்கம் மடிக்கிறது சாவு வீட்டுல. இனிமே இப்படி ஒண்ணு வர வேணாம்னு. என் வீட்டுல, நான் சமைச்ச சாப்பாட்டுல, அத்தனை பேர் பார்க்க அப்படி மடிச்சார். உன் உறவே வேணாம்னு முகத்துல அடிச்ச மாதிரி."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு? அதான் இலை சொல்லிடுச்சே. அன்னிக்கே வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துட்டேன்."

பேத்தி பிறந்ததுக்குக்கூட இந்த மனுஷன் போகவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு இலைக்காகவா? வாயைத் திறக்கப் போனேன். அம்மையார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"நாளையிலேருந்து நீங்க பரிமாற வேணாம் ஐயா" என்றார். "சமைச்சு முடிச்சதும் இலை எடுங்க."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் மடத்தில் எச்சில் இலை எடுப்பது தலைமை வேலை. முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை அம்மையார்தான் எடுப்பார். அவருக்கு முந்தி இருந்த பெரியவரும் அப்படித்தானாம். அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நானே இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதைத் தூக்கி இவருக்குக் கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

தணிகாசலத்துக்கோ அது வேறு மாதிரி பட்டது.

"கல்யாணச் சமையல் செஞ்ச கைம்மா இது. எச்சில் எடுக்கவா?"

"நான் தினமும் எந்தக் கையால எடுக்கிறேன்?"

தணிகாசலம் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சும்மா எடுத்தா போதாது. ஒவ்வொரு இலையும் உங்களைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்."

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். குனிந்து குனிந்து எடுத்தார். எல்லாம் முடிந்து, மாட்டுக்கு இலையைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"இருநூத்துப் பதினாலு இலைம்மா. நாப்பத்தொண்ணு எதிர்ப்பக்கம். கொஞ்சம் பேர் மடிக்கவே இல்ல."

"ம்."

"நாப்பத்தொரு பேர் என்னை அவமானப்படுத்திட்டுப் போயிருக்காங்க."

"அவங்களுக்கு உங்க பேர் தெரியுமா?"

"தெரியாது."

"முகம்?"

"நான்தான் இன்னிக்குப் பரிமாறவே இல்லையே. எப்படித் தெரியும்?"

"பேரும் தெரியாம, முகமும் தெரியாம, நாப்பத்தொரு பேர் சேர்ந்துக்கிட்டு உங்களை அவமானப்படுத்தியிருக்காங்க" என்றார் அம்மையார். "பெரிய ஏற்பாடா இருக்கே ஐயா."

நான் சிரித்துவிட்டேன். தணிகாசலம் என்னை முறைத்தார். இன்னும் ஒரு வாரத்துக்கு என்னோடு பேச மாட்டார் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

"மத்தவங்களை விடுங்கம்மா" என்றார். "பத்து நாளா ஒரு ஆள் வர்றான், பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு. கடைசிப் பந்தியில தூண் ஓரமா உட்காருவான். தினமும் சாப்பிடுறான், தினமும் எதிர்ப்பக்கம் மடிக்கிறான். வேணும்னேதான் செய்யறான். மடத்துச் சோத்தையும் தின்னுட்டு மடத்துச் சமையலுக்குச் சாவு கொண்டாடுறான்."

"நாளைக்கு இலை எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க."

"என்னன்னு?"

"ஏன் இப்படி மடிச்சீங்கன்னு. அவர்கிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும்."

இரண்டாம் நாள் வேடிக்கை பார்ப்பதற்கென்றே நான் காயைச் சீக்கிரம் நறுக்கி முடித்துவிட்டேன்.

முதலில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள். "ஏம்மா இலையை அந்தப் பக்கம் மடிச்சீங்க?" என்று தணிகாசலம் விறைப்பாகக் கேட்டார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தரை சரிவா இருக்கு. ரசம் என் புடவையைப் பார்த்து ஓடி வருது. இலையைத் தூக்கி அணை கட்டினேன். இது ஒரு குத்தமா?"

இரண்டாவது ஒரு லாரி டிரைவர். "எங்க ஊர்ல விருந்துன்னா இப்படித்தாங்க மடிப்போம். உங்க ஆளுங்க மடிக்கிறாங்களே, அதுதான் எங்களுக்குச் சாவு வீட்டு மடிப்பு. வந்த அன்னிக்கு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு" என்றார். தணிகாசலம் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு காலேஜ் பெண், "மடிக்கணுமா அங்கிள்? எங்க வீட்டுல தட்டுதான்" என்றாள். மடிக்காத இலையை அவசரமாக மடித்தும் கொடுத்தாள், குறுக்காக.

கடைசிப் பந்தி. தூண் ஓரத்தில் பச்சைத் துண்டுக்காரர். சாப்பிட்டு முடித்து, இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் நேராகப் போய் எதிரில் நின்றார். குரலில் சூடு ஏறியிருந்தது.

"பத்து நாளா பார்க்கிறேன். ஏங்க இப்படி மடிக்கிறீங்க? எங்க சாப்பாட்டுல என்ன குறை கண்டீங்க?"

அந்த ஆள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இலையைப் பார்த்தார். தான் மடித்ததை அப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சாமி" என்றார். "என் வீட்டுக்காரி போய் இருபத்தேழு நாள் ஆச்சு. காரியம் வரைக்கும் வீட்டுல எல்லாரும் அப்படித்தான் மடிச்சோம். கை அதையே பழகிடுச்சு. தீட்டு, மலைக்குப் போகக் கூடாது. வீட்டுல உட்கார முடியல. காலையில நடக்க ஆரம்பிச்சா இங்கதான் வந்து நிக்கிறேன்."

தணிகாசலம் அந்த இலையைத் திரும்பப் பார்த்தார்.

"அவ போனதுக்கு அப்புறம் நாக்குல எதுவுமே தெரியல சாமி. இங்க ரசம் ஊத்தின அன்னிக்குத்தான் புளிப்புன்னு ஒண்ணு தெரிஞ்சுது. செஞ்ச கையை ஒருநாள் பார்த்துக் கும்பிடணும்னு தினமும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம எழுந்து போயிடுவேன்."

தணிகாசலம் கூடையைக் கீழே வைத்தார். அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் கேட்க முயற்சி செய்யவில்லை, நம்புங்கள்.

இதோடு மனுஷன் திருந்திவிட்டார், மூட்டை கட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதுதான் இல்லை.

மூன்றாம் நாள் பந்தி எல்லாம் முடிந்தது. இலை எடுத்துக் கழுவித் துடைத்த பிறகு அம்மையாரிடம் வந்தார்.

"யோசிச்சுப் பார்த்தேம்மா. இவங்க எல்லாம் வெளியாளுங்க. தெரியாம மடிச்சாங்க, ஒத்துக்கறேன். ஆனா என் மாப்பிள்ளை எங்க ஊர்க்காரர். சின்ன வயசுலேருந்து எங்க பந்தியில உட்கார்ந்தவர். வழக்கம் தெரிஞ்ச ஆளு தெரிஞ்சேதானே மடிச்சிருக்கணும்?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அம்மையார் கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. வேறு யாராவது இருந்தால் கரண்டியால் ஒன்று போட்டிருப்பார்கள். அந்தப் பொறுமைக்கே தினம் ஒரு கும்பிடு போடலாம்.

"எனக்குப் பசிக்குது ஐயா" என்றார். "இலை போடுங்க."

அம்மையார் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார். தணிகாசலம் நுனி இலையாகப் பார்த்துப் போட்டார். தானே பரிமாறினார். மூன்று நாளாகப் பந்தியில் கரண்டி பிடிக்காத கை, சந்தோஷமாகவே பரிமாறியது. அம்மையார் நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். கூட்டை விரலால் வழித்தார். மறுபடி ரசம் கேட்டு உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். தணிகாசலத்தின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

பிறகு இலையை எதிர்ப்பக்கம் மடித்தார்.

தணிகாசலம் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். எனக்கே பக்கென்றது.

"அம்மா... நீங்களுமா?"

"ஆமா."

"கை தவறி மடிச்சுட்டீங்களா?"

"இல்ல. வேணும்னேதான் மடிச்சேன்."

அம்மையார் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"அதை நீங்கதானேம்மா சொல்லணும்?"

"நான் சொல்ல மாட்டேன். இலையும் இப்படிக் கிடக்கு. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? நீங்களே சொல்லுங்க."

தணிகாசலம் குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரசம் மூணு தடவை வாங்கினீங்க. கூட்டை வழிச்சுச் சாப்பிட்டீங்க. ஒரு பருக்கை மிச்சம் வெக்கல."

"அப்போ?"

"நல்லாதான் இருந்திருக்கும்மா."

"உங்க மாப்பிள்ளை அன்னிக்கு எத்தனை தடவை வாங்கினார்?"

தணிகாசலம் விரலை மடக்கி எண்ணப் போனார். தூணைப் பிடித்துக்கொண்டார். கல்யாணச் சமையல்காரருக்கு யார் எதை எத்தனை தடவை வாங்கினார்கள் என்பது மறக்காது. பத்து வருஷத்துக்கு முந்தைய பந்தியைக்கூட வரிசையாகச் சொல்லுவார். ஆனால் அந்த ஒரு பந்தியை மட்டும் நாலு வருஷமாக அவர் இலையிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதற்கு முன்னால் நடந்ததற்குப் போனதே இல்லை.

"வத்தக்குழம்பு ரெண்டு தடவை" என்றார். "பாயசம் நாலு தடவை. அப்பளத்தை அதுல நொறுக்கிப் போட்டுக்கிட்டு... 'மாமா, எங்க அம்மா கையிலகூட நான் இப்படிச் சாப்பிட்டதில்ல'ன்னு..."

நிறுத்திவிட்டார்.

"சொன்னாரா?"

"சொன்னாரும்மா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது நினைவே இல்லாம போச்சு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அறுபத்தொரு வயசு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போடவும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"அப்புறம் ஏம்மா அப்படி மடிச்சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளன்னிக்குப் பார்க்கும்போது கேளுங்க. கேக்காமலும் விடலாம். காலையில அஞ்சே முக்காலுக்கு முதல் பஸ் இருக்கு."

தணிகாசலம் தலையாட்டினார். இரண்டு அடி போனார். திரும்பி வந்தார். எனக்குத் தெரியும், வருவார் என்று.

"ஒருவேளை கேட்டு, ஆமா, வேணும்னேதான் மடிச்சேன்னு சொல்லிட்டார்னாம்மா?"

அம்மையார் எழுந்தார். தன் இலையைத் தானே எடுக்கக் குனிந்தார், எடுக்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"ஐயா, பேத்தி உட்காரப் போறது உங்க மடியில. நாலு வருஷமா அங்க ஒரு எச்சில் இலை கிடக்கு. மூணு நாளா ஊரார் இலையெல்லாம் எடுத்தீங்க. அதையும் எடுத்துப் போட்டுட்டுப் போங்க."